எண் பலகை சொல்லும் முகவரி

சென்னை, கோவை, கொச்சி போன்ற நகரங்களின் சாலைகளில் புதுச்சேரியில் பதிவான கார்களைக் காண்பது புதிதன்று. அவற்றின் உரிமையாளர்களுள் பலர் பிறந்ததும் வாழ்வதும் தொழில் செய்வதும் வேறு மாநிலத்தில். வண்டி ஓடுகிறது, ஏதோ ஓர் அரசுக்கு வரியும் செலுத்தப்பட்டிருக்கிறது, பிறகு இதில் நெறி சார்ந்த வினா எங்கிருந்து வந்தது எனச் சிலர் கேட்கலாம். வினா சிறியதுதான். ஆனால் "நான் எந்த ஊரைச் சேர்ந்தவன்? அந்த ஊருக்கு நான் எதற்குக் கடன்பட்டவன்?" என்ற பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கிறது.

காரணங்கள் பல

வாகனம் வழக்கமாக நிறுத்தி வைக்கப்படும் இடத்தில், உரிமையாளரின் குடியிருப்போ தொழிலிடமோ அமைந்த பகுதியில் அதனைப் பதிய வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கொண்ட அடிப்படை. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால், அங்குப் புதிய பதிவெண் பெற வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. வாகன வரியை விதிக்கும் அதிகாரத்தை நம் அரசமைப்பு மாநிலங்களுக்கு அளித்திருக்கிறது. எனவே வரி விகிதம் இடத்திற்கு இடம் வேறுபடுகிறது.

வெளிமாநில எண்ணைத் தாங்கி ஓடும் எல்லா வண்டிகளையும் ஒரே கண்கொண்டு பார்ப்பது நீதியாகாது. வங்கியிலும் இரயில்வேயிலும் படையிலும் பணிபுரிவோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிச் செல்கின்றனர். ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் வேலை செய்வோரும், களியக்காவிளைக்கு இருபுறமும் உறவும் தொழிலும் உடையோரும் எல்லைக்கோட்டை நாள்தோறும் கடக்கின்றனர். புதுச்சேரியின் நிலப்பகுதியோ தமிழ்நாட்டுக் கிராமங்களோடு துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கிறது. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டமே அவ்வெல்லையின் இருபக்கத்து இறைமக்களையும் ஒரே ஆயரின்கீழ் அணைத்து நிற்கிறது. தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்ற தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கு விலை குறைந்த வண்டிகளைப் பிற மாநிலத்தார் வாங்கி வந்ததும் உண்டு.

பதிவை மாற்றுவதும் எளிதன்று. பழைய அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். புதிய மாநிலத்தில் மீண்டும் வரி கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைக் கேட்டுப் பெற அலைய வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிய சுமை. இத்துன்பத்தை அரசும் ஒருவாறு உணர்ந்ததன் விளைவே 2021-இல் வந்த 'பாரத்' வரிசைப் பதிவெண். அரசுப் பணியாளரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் கொண்ட தனியார் நிறுவனங்களின் ஊழியரும் இதனைப் பெறலாம்; வரியையும் ஈராண்டுக்கு ஒருமுறை செலுத்தலாம். நேர்மையாக இடம்பெயர்வோர்க்கு நேர்மையான வழி வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது என்பதற்கு இதுவே சான்று.

பொய் தொடங்கும் இடம்

ஆனால் இடம்பெயராமலே எண்ணை மட்டும் இடம்பெயரச் செய்வோர் இருக்கின்றனர். 2017-இல் கேரளத்தில் இது பெரும் விவாதமாயிற்று. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள காருக்கு அங்கு ஏறத்தாழ இருபது இலட்சம் ரூபாய் வரி. புதுச்சேரியிலோ அது இரண்டு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. புகழ்பெற்ற சிலர் தாம் வாழ்ந்தறியாத புதுச்சேரி முகவரிகளைக் காட்டி வண்டிகளைப் பதிந்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்து, காவல்துறை வழக்குகளும் பதிவாயின. தமிழ்நாட்டிலும் 2023 நவம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி, இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட காருக்கு விலையில் இருபது விழுக்காடு வரி. ஆதலால் சோதனை நமக்கும் தொலைவில் இல்லை.

புதுச்சேரியில் மெய்யாகவே வாழும் ஒருவர் அங்குக் குறைந்த வரி கட்டினால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தம் ஊரின் சட்டம் தரும் பயனைப் பெறுகிறார். வாழாத ஒருவர் வாழ்வதாகச் சொல்லிக் கையொப்பமிடும்போதுதான் பொய் பிறக்கிறது. அந்தப் பொய் தனியே நிற்பதில்லை. குடியேறாத வீட்டுக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் வேண்டும். அதற்கு ஒரு வீட்டுக்காரர் வேண்டும். சாட்சிக் கையொப்பத்திற்கு ஒருவர், அலுவலகத்தில் கண்டும் காணாதிருக்க ஒருவர், எல்லாவற்றையும் முடித்துத் தர ஒரு முகவர் என ஆட்கள் சேர்கின்றனர். ஒருவர் மிச்சப்படுத்தும் பணத்திற்காக ஐந்தாறு பேரின் மனச்சான்று விலைபோகிறது. அவர்களுள் வறியவர், தாம் செய்தது இன்னதென்று அறியாமலே உடன்பட்டிருக்கவும் கூடும்.

சொல்லப்படும் நியாயங்கள்

"அரசு வரிப்பணத்தை வீணாக்குகிறது, நான் ஏன் கட்ட வேண்டும்?" என்பது முதல் நியாயம். சுமைகளை நீதியின்றிப் பகிரும் சட்டம் மனச்சான்றைக் கட்டுப்படுத்தாது எனப் புனித தாமஸ் அக்குவினாசும் கற்பித்தார். ஆயினும் இங்கு நீதியின்றிப் பகிரப்படும் சுமை யாருடையது? மொபெட் வாங்கும் கூலித் தொழிலாளி தன் ஊரிலேயே முழு வரியையும் கட்டுகிறார். அவருக்கு வேற்றூரில் முகவரி தேடித்தர எந்த முகவரும் வருவதில்லை. வலியவர் நழுவிச் செல்லும்போது விழும் பள்ளத்தை, நழுவ வழியற்ற எளியவரே நிரப்ப வேண்டியுள்ளது. அரசின் வீண்செலவைத் தட்டிக்கேட்பது குடிமக்களின் உரிமை, கடமையும்கூட. ஆனால் பொய் முகவரியில் மறைந்து நிற்பவர் எவ்வாறு எழுந்து கேட்பார்?

இரண்டாவது நியாயம் சற்று நுட்பமானது. சில சட்டங்கள் தண்டனை சார்ந்தவை மட்டுமே. பிடிபட்டால் தண்டம் கட்ட ஆயத்தமாய் இருப்பவர் அவற்றை மீறினாலும் பாவம் செய்தவர் ஆகார் என்ற கருத்து முந்தைய நெறியியல் நூல்கள் சிலவற்றில் இருந்தது. வரிகளில் சிலவற்றையும் இவ்வகையில் சேர்த்தோர் உண்டு. ஆனால் அக்கருத்தை ஏற்போரும் பொய்ச் சான்றுக்கு இடம் தரவில்லை. மேலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், நேரிய வரிகளைச் சூழ்ச்சியால் தட்டிக்கழிப்போரைக் கண்டித்து, அவர்களது போக்கைத் தன்னலம் சார்ந்த தனிமனித நெறியாகக் காட்டுகிறது. சாலை வேக விதிகளை மதியாமையையும் அதே இடத்தில் சுட்டுகிறது என்பது வண்டி ஓட்டும் நமக்குக் கூடுதல் பாடம். 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு வரி ஏய்ப்பைக் களவு செய்யாதே என்னும் கட்டளையின்கீழ் வைத்துப் பேசுகிறது.

நற்செய்தியின் ஒளியில்

நம் ஆண்டவரின் பிறப்பு நிகழ்வே ஒரு பதிவோடு தொடங்குகிறது. அகுஸ்து சீசரின் ஆணைப்படி, மக்கள் தத்தம் ஊரில் பெயரைப் பதியச் சென்றனர். சூசையப்பரும் நிறைமாதக் கர்ப்பிணியான மரியன்னையோடு நாசரேத்தூரிலிருந்து பெத்லகேமுக்கு நடந்தார். ஆணையிட்டவன் அயல்நாட்டுப் பேரரசன், வழியோ நெடியது, போய்ச் சேர்ந்த ஊரில் தங்க இடமுமில்லை. மறுக்கவும் மறைக்கவும் ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. தம் ஊர் எதுவோ அவ்வூரிலே பெயர் கொடுக்கச் சென்றார். நாமோ நம் ஊரல்லாத ஊரில் பெயர் கொடுக்க விரைகிறோம்.

பின்னாளில் ஆண்டவரும் கோவில் வரி கேட்கப்பட்டபோது, தாம் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதை விளக்கிய பிறகும், பிறருக்கு இடறலாக இருக்க விரும்பாமல் பேதுரு வழியாக அதனைச் செலுத்தினார். வரி தண்டும் தொழிலில் மக்களை ஏய்த்த சக்கேயுவோ, மனம் மாறியபோது கண்ணீரோடு நின்றுவிடவில்லை. எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தார். மன்னிப்பு ஈடுசெய்தலைத் தள்ளுபடி செய்வதில்லை என்பதை இதனால் அறிகிறோம். பொய் முகவரியில் பதிந்த வண்டியை உடையவர், பாவசங்கீர்த்தனம் செய்த பின்னும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குப் போக வேண்டியவராகவே இருக்கிறார்.

இத்துடன் வேறொன்றையும் நாம் மறத்தலாகாது. ஆலய வளாகத்தில் நிற்கும் வெளிமாநில எண்ணைக் கண்டதும், "வரி ஏய்ப்பவர்" என முடிவு கட்டுவதும் குற்றமே. அவர் சென்ற மாதம் மாற்றலாகி வந்த செவிலியாக இருக்கலாம். இறந்த சகோதரரின் வண்டியை ஓட்டுபவராக இருக்கலாம். தக்க ஆதாரமின்றிப் பிறர்மேல் குறை காண்பதையும் திருச்சபை பாவமாகவே கற்பிக்கிறது. பிறர் வண்டியின் எண்ணை ஆராய்வது காவலரின் பணி. நம் வண்டியின் எண்ணை ஆராய்வது நம் மனச்சான்றின் பணி.

நாம் ஓட்டிச் செல்லும் சாலை, விபத்தில் சிக்கினால் நம்மைத் தூக்கிச் செல்லும் ஊர்தி, சேர்க்கப்படும் அரசு மருத்துவமனை ஆகிய அனைத்தும் நாம் வாழும் ஊரின் மக்கள் சேர்ந்து தாங்குபவை. அவற்றில் நமக்குரிய பங்கைச் செலுத்துவது, அம்மக்களை நம் அயலார் என ஏற்றுக்கொள்வதன் ஒரு வடிவம். அன்புக் கட்டளையை ஞாயிறு திருப்பலியில் கேட்டுவிட்டு, வீடு திரும்பும் வண்டியிலேயே அதனை மறுதலிக்கலாமா? இரவு மனச்சான்றைச் சோதிக்கும் வேளையில், வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியின் எண் பலகை நாம் வாழும் ஊரைத்தான் சொல்கிறதா என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.