இரு பணியும் ஒரு சொல்லும்

பொருள் தேடுவது குற்றமன்று. அதனை எவ்வழியில் தேடுகிறோம் என்பதே ஆராயத்தக்கது. புத்த பகவான் அருளிய எட்டுறுப்பு நெறியில், நல்வாய்மைக்கும் நற்செய்கைக்கும் அடுத்த உறுப்பாக நல்வாழ்க்கை வைக்கப்பட்டிருக்கிறது. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைத்தல் ஆகாது என்பதை நம் சங்கத்துச் சிறுவரும் அறிவர். ஆயினும் விலக்கப்படாத தொழிலிலும், கல்வி கற்பித்தல் போன்ற மேலான தொழிலிலுங்கூட, சீலம் இடறும் இடங்கள் உண்டு. அத்தகைய இடமொன்றைக் குறித்து அன்பர் ஒருவர் நம்மை வினவியுள்ளார்.

அவர் டில்லி சரோஜினி நகரில், அரசாங்க ஊழியர் குடியிருப்பில் வளர்ந்தவர். இப்பொழுது தாய்லாந்தில் பகலில் ஒரு பள்ளியிலும், மாலையில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்திலும் ஆங்கிலம் கற்பிக்கிறார். தாயாரின் மருத்துவத்திற்கும் தங்கையின் படிப்பிற்கும் பட்ட கடனைத் தீர்க்கவே இரண்டாம் பணியை ஏற்றார். கடனில் பெரும்பகுதி தீர்ந்தது, உடலோ தளர்ந்துவிட்டது. ஒன்றை விட்டாக வேண்டும். மாலைப் பணியில் ஊதியம் மிகுதி. பகற் பள்ளியில் படிப்போர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பருவம் முடியும்வரை கற்பிப்பதாக இரண்டிடத்தும் எழுத்துக் கொடுத்திருக்கிறார். “எதனை விடுவது? இடையில் விட்டால் பொய்யாமை என்னும் சீலம் கெடுமோ?” என்பது அவர் வினா.

அவர் வளர்ந்த சரோஜினி நகருக்கு முன்னாளில் வினய் நகர் என்று பெயர். வடநாட்டார் அச்சொல்லைப் பணிவு என்னும் பொருளில் வழங்குவர். நமக்கோ அது சங்கத்தாரின் ஒழுக்க நூலாகிய விநய பிடகத்தை நினைவூட்டுகிறது. இவ்வினாவிற்குத் துணை செய்யும் நிகழ்ச்சி ஒன்று அப்பிடகத்து மகாவக்கத்திலேயே இருக்கிறது.

உபநந்தர் என்னும் பிக்ஷு, தம்மிடத்தில் மழைக்காலம் தங்குவதாகக் கோசல மன்னன் பசேனதிக்கு வாக்களித்தார். செல்லும் வழியில் இரண்டு விகாரைகளைக் கண்டார். அங்கே சீவரத் துணி ஏராளமாகக் கிடைக்கும் என்று தெரிந்தது. இவ்விரண்டிலும் தங்கினால் இரண்டிடத்தும் பங்கு பெறலாமே என்று எண்ணி அங்கேயே தங்கிவிட்டார். மன்னன் மனம் நொந்தான். பொய்யைக் கடிந்த பகவானின் சீடர் தந்த சொல்லைத் தவறலாமா என்று கேட்டான். பகவான் உபநந்தரைக் கண்டித்தார். அந்நூலின் மற்றோரிடத்தில், இரு விகாரைகளில் தங்கியவருக்குத் துணியில் எவ்வளவு பங்கு என்ற கேள்வி எழுகிறது. ஒருவருக்கு ஒரு பங்கே உரியது. பாதிக்காலம் இங்கும் பாதிக்காலம் அங்குமாக இருந்தால் பாதி இங்கும் பாதி அங்கும் பெறுக. எங்கே மிகுதியாகத் தங்கினாரோ அங்கே பெறுக என்று பகவான் வரையறுத்தார்.

இதிலிருந்து நாம் இரண்டு செய்திகளை அறிகிறோம். முதலாவது, கேட்டவர் அரசரே ஆயினும் ஏழையே ஆயினும், தந்த வாக்கு வாக்கேயாம். இரண்டாவது, ஒரு மனிதனின் காலமும் ஆற்றலும் ஒன்றே. அதனை இரண்டாகக் கணக்கிட்டு இரு முழுப் பங்கு பெறுதல் முறையன்று.

ஆனால் துறவியின் நிலையும் இல்லறத்தானின் நிலையும் ஒன்றல்லவே என்று கேட்கலாம். மெய்தான். உபநந்தரை இழுத்தது ஆசை. நம் அன்பரை இழுத்தது கடன். எண்ணமே வினை என்று பகவான் உரைத்திருக்கிறார். இல்லறத்தான் அடையும் நால்வகை இன்பங்களில் கடனின்மையும் ஒன்று என்று அநாதபிண்டிகருக்கு அருளியவரும் அவரே. தலைமுறை தலைமுறையாக நிலமும் கல்வியும் மறுக்கப்பட்ட நம் மக்களுக்கு ஒரு சம்பளம் போதாத காலம் உண்டு. ஆதலின் இரண்டாம் பணியை ஏற்றமைக்காக அவரைக் குறை கூறோம்.

இனி வினாவின் உள்ளே செல்வோம். இடையில் விட்டால் நான்காம் சீலம் கெடுமோ என்று அவர் அஞ்சுகிறார். இரண்டையும் விடாது பிடித்திருந்தால் இரண்டாம் சீலம் கெடும் என்பதை அவர் எண்ணினாரா? இரவு வெகுநேரம் விழித்து, காலையில் கண் சிவந்து வகுப்பில் நிற்கும் ஆசிரியர், முழுச் சம்பளம் பெற்று அரைப் பாடம் கற்பிக்கிறார். மறுபாதிச் சம்பளம் கொடாததை எடுத்ததாகும். பணியாளன் கொடுத்ததையே கொள்ள வேண்டும், பணியைச் செவ்வனே செய்ய வேண்டும் என்றும், ஆசிரியன் மாணவன் நன்கு கற்றுக்கொள்ளும்படி கற்பிக்க வேண்டும் என்றும் சிகாலோவாத சூத்திரம் கூறுகிறது. ஆகவே ஒன்றை விடுதல் இங்கே சோர்வன்று. சீலத்தைக் காக்கும் செயலாம். கால் தோய்ந்து குருதி வழிய நடந்து தவம் செய்த சோணருக்கு, வீணை நரம்பை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை எழாது என்று பகவான் அறிவுறுத்தியதையும் இங்கு நினைக்க.

எதனை விடுவது? ஊதியத்தை மட்டும் தராசில் வைத்தால் பகற் பள்ளியே தாழும். ஆனால் இழப்பையும் வைத்து நிறுக்க வேண்டும். பயிற்சி நிலையம் வேறோர் ஆசிரியரை அமர்த்திக்கொள்ளும். அதற்குக் கட்டணம் செலுத்துவோர் வேறு நிலையமும் நாடுவர். ஏழைப் பிள்ளைக்கு இப்பள்ளியன்றி வேறு வாயில் இல்லை. போன பருவம் அப்பிள்ளைக்குத் திரும்ப வராது. 1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாறில் தொடங்கிய இலவசப் பள்ளி நம் முன்னோருக்கு எதுவாக இருந்ததோ, அதுவாகவே இப்பள்ளி அப்பிள்ளைகளுக்கு இருக்கக்கூடும்.

சட்டத்தையும் பார்த்தல் வேண்டும். மத்திய அரசு ஊழியர் முன் அனுமதியின்றி வேறு வேலை ஏற்கலாகாது என்பது 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள். பள்ளி ஆசிரியர் தனிப்பயிற்சியில் ஈடுபடலாகாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. வெளிநாடுகள் பலவற்றிலும் வேலை அனுமதி குறிப்பிட்ட ஒரு முதலாளியின் பெயரோடு பிணைந்தது. எப்பணிக்கு அனுமதி இருக்கிறதோ அதனை விட்டு, இல்லாததைப் பிடித்திருந்தால், ஒவ்வொரு நாளும் மறைத்து வாழ நேரும். மறைத்து வாழ்வதும் பொய்யின் ஒரு வகையே.

இனி, விடும் முறை. மழைக்காலத் தங்கலிலும் விநயம் வாயில்களை அடைக்கவில்லை. தாய் தந்தையர் நோயுற்றால் ஏழு நாட்கள் சென்று வரலாம். விலங்கு, கள்வர், தீ, வெள்ளம் ஆகியவற்றால் இடர் நேர்ந்தாலும், தக்க உணவோ மருந்தோ கிடையாவிட்டாலும், தங்கலை விட்டு நீங்குதல் குற்றமாகாது. அதுபோல், உடல் உண்மையிலேயே முறியும் நிலையில் இருப்பின், பருவத்தின் நடுவிலும் விலகலாம். அன்றியும், பணியாளனின் வலிமைக்கேற்ப வேலை கொடுத்தல் முதலாளியின் முதற்கடமை. பேசியதற்கு மேல் வகுப்புகளை அவர்களே ஏற்றியிருப்பின், பிணைப்பை முதலில் தளர்த்தியவர் அவர்களே.

பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்வு இவ்விடத்தில் நமக்கு ஒளி தருகிறது. பரோடா அரசின் உதவியில் அயல்நாட்டில் கற்ற அவர், 10 ஆண்டுகள் அங்குப் பணிபுரிய ஒப்பியிருந்தார். 1917இல் அங்குச் சென்றபோது, தீண்டாமையால் தங்க ஓரிடமும் கிட்டாது நீங்க நேர்ந்தது. அவ்வாக்கை முறித்தது அவருடைய மனமன்று; ஊரின் கொடுமை. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார்; கற்பதற்கு இன்னும் இருந்தமையால் 1920இல் அப்பதவியைத் துறந்து இலண்டன் சென்றார். 1951இல் மத்திய மந்திரி பதவியைத் துறந்தபோது, காரணங்களை வெளிப்படையாகவே உலகறியச் செய்தார். மூன்றும் விலகல்களே; ஒன்றிலும் ஒளிவு மறைவு இல்லை.

ஆகையால் நம் அன்பருக்குச் சொல்லத்தக்கது இது. மாலைப் பணியை விடுக. விடுவதாக இன்றே சொல்லுக. சம்பளம் கைக்கு வந்த மறுநாள் சொல்லாமல் நின்றுவிடற்க. உடல் இடந்தருமாயின் பருவத்தை முடித்துக் கொடுக்க. தராதாயின் முன்பணம் பெற்றிருந்தால் திருப்பி, பாடம் எந்த அளவில் நிற்கிறது என்பதை அடுத்து வருபவருக்கு எழுதி வைக்க. எஞ்சிய கடனைத் தவணை நீட்டித்து அடைக்க. கடன் கொடுத்தவரிடமும் உள்ளதை உள்ளவாறு உரைக்க. வருமானம் குறைவதை வீட்டாருக்கும் மறைக்க வேண்டா. மகன் அயல்நாட்டில் உறங்காமல் ஈட்டிய பணம் என்று அறிந்தால், எந்தத் தாயும் அதில் ஒரு பிடி சோறு உண்ண விரும்பாள்.

சொல்லைக் காப்பதென்பது, முடியாத சுமையை முடியும் என்று தொடர்ந்து நடிப்பதன்று. முடியுமளவை உரிய காலத்தில் உண்மையாகச் சொல்லி, ஏற்ற பணிக்கு முழு ஆற்றலையும் கொடுப்பதேயாம்.