வழியில் தனித்து நின்றால்

கொடுத்துப் பழகிய கை வியாபாரியின் கை. அந்தக் கையே ஒருநாள் நள்ளிரவில், அயலூர்ப் பஸ் நிலையத்தில் வெறுங்கையாக நின்றால் என்ன செய்வது? பை களவு போயிற்று. டெலிபோனும் அதனோடு போயிற்று. அவ்வேளையில் திருடனைவிட நமது கூச்சமே நமக்குப் பெரிய பகையாகிறது. "ஒரு முதலாளி பிறரிடம் வாய் திறப்பதா?" என்றெண்ணி இருண்ட அஞ்சடியில் ஒதுங்குகிறோம், அல்லது வலிய வந்து அழைப்பவனின் வண்டியில் ஏறிவிடுகிறோம். இந்த ரோஷம் நியாயந்தானா?

இப்னு பதூதா டில்லியில் காஜியாக இருந்தவர். சுல்தானின் தூதராகச் சீனத்துக்குப் புறப்பட்டவர். 1340களில் மேற்குக் கடற்கரையில் கொள்ளையர் அவருடைய மேலாடைகளையுங்கூட விட்டுவைக்கவில்லை. அந்நிலையில் கள்ளிக்கோட்டை சேர்ந்தவர் ஒளிந்துகொள்ளாமல் பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். மார்க்க அறிஞர் ஒருவர் அங்கி அனுப்பினார். காஜி தலைப்பாகை அனுப்பினார். வியாபாரி ஒருவர் மற்றோர் அங்கி அனுப்பினார். இதனால் அவர் மதிப்புக் குறைந்ததா? இல்லவே இல்லை.

திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் ஜக்காத்துக்குரிய எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் சேர்த்திருக்கிறது. ஊரில் சொத்திருப்பினும், வழியில் கைப்பொருள் இழந்தவன் ஊர்சேரும் அளவுக்கு அதைப் பெறலாம் என்பர் மார்க்க அறிஞர். ஆகவே அது பிச்சையன்று, உரிமை.

ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பதே பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. பிரயாணம் புறப்படுமுன் போகுமிடத்தையும் திரும்பும் நாளையும் வீட்டில் சொல்லுங்கள். வேண்டியவர் இருவரின் டெலிபோன் எண்களைக் காகிதத்தில் எழுதிச் சிறிது பணத்தோடு, பையிலன்றி உடம்போடு வையுங்கள். அகப்பட்டுக்கொண்டால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நில்லுங்கள். தேடி வருகிறவனை நம்பிப் போகாமல், நீங்களே பார்த்துத் தேர்ந்தவரிடம் உதவி கேளுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போலீசுக்கு 999.

இனி மறுபக்கம். நாளை நம் கடை வாசலில் ஒருவர் தயங்கி நின்றால்? ஏமாற்றுவோரும் உண்டே என்பீர்கள். உண்மைதான். ரொக்கம் கொடுக்க மனம் தயங்கினால் ஒருவேளைச் சோறு கொடுப்போம். டிக்கெட்டை நாமே எடுத்துக் கொடுப்போம். கேட்பவரின் கூச்சத்தை முதலில் போக்க வேண்டியவர் கொடுப்பவரே. ஆகையால் அவர் வாய் திறக்குமுன் "சாப்பிட்டீர்களா?" என்று நாம் கேட்போம். சபராளிகளின் மக்களாகிய நமக்கு இது புதிதன்று.

வல்ல அல்லாஹ் வழியிலிருப்போர் யாவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.