துரு பூசிய எஞ்சின் என்ன விலை போகும்?

‘லேஅவுட்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மனைப்பிரிவு. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லிவிடலாம். மாதிரி ரயில் கட்டுபவர்களும் இதே சொல்லைத்தான் புழங்குகிறார்கள். ஓர் அறையிலோ நிலவறையிலோ மரச்சட்டம் அடித்து, மேலே தண்டவாளம் பதித்து, பிளாஸ்டரில் மலை, பிசினில் ஆறு, கம்பியில் மரம் என்று ஓர் ஊரையே உண்டாக்கினால் அது லேஅவுட். உலகில் அதிகம் புழங்கும் ‘ஹெச்ஓ’ அளவில் எல்லாமே நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. ஆறடி ஆள் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் இருப்பார். இந்த ஊருக்குச் சதுர அடி விலை போட்டால், பெரும்பாலும் பூஜ்ஜியம்தான் வரும். சில சமயம் அதற்கும் கீழே.

பூஜ்ஜியத்துக்குக் கீழே எப்படி என்று கேட்கலாம். கட்டியவர் இறந்துவிடுகிறார், அல்லது வீட்டை விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை விற்கலாம், பெட்டிகளை விற்கலாம், கன்ட்ரோலரை விற்கலாம். மலையை என்ன செய்வது? மலை மேசையோடு ஒட்டியிருக்கிறது, மேசை சுவரோடு. முழுசாக வாசல் வழியே வெளியே வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வீடு வாங்குபவர் “இதைக் காலி பண்ணிக் குடுத்துருங்க” என்பார். ஆள்கூலி, குப்பை வண்டி வாடகை. இருபது வருஷ உழைப்பு கடைசியில் செலவுக் கணக்கில் ஏறுகிறது.

இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு. சேகரிப்பாளர்கள் சந்தையில் அதிக விலை போவது பெட்டியைவிட்டு வெளியே எடுக்காத எஞ்சின். அட்டைப்பெட்டி கசங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் லேஅவுட் கட்டுபவர் புது எஞ்சினை வாங்கியதும் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று, அதற்குத் துரு பூசுவது. புகைக்கரி, எண்ணெய் வழிந்த தடம், வெயிலில் வெளுத்த நிறம் என்று தூரிகையால் தொட்டுத் தொட்டு அதைப் பழசாக்குவார். அந்த ஒரு ராத்திரி வேலையில் எஞ்சினுக்கு உயிர் வருகிறது, பல நேரங்களில் விலை இறங்குகிறது. கை பட்டதால் அவருக்கு எது கூடியதோ அதுவே சந்தையில் குறைகிறது.

அப்போ சந்தை பொய் சொல்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். சந்தை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் எது கைமாறும்? கைமாறாததற்கு அது விலை போடுவதில்லை. பாடகர் நீல் யங், பெருமூளை வாதத்தோடு பிறந்த தன் மகனும் ரயில் ஓட்ட வேண்டும் என்று, எளிதாக அழுத்தக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவிகளையே உருவாக்கினார். லயனல் ரயில் பொம்மை நிறுவனத்தில் பங்குதாரராகவும் ஆனார். 2017இல் அவருடைய ரயில் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. எஞ்சின்கள் நல்ல விலைக்குப் போயின. அந்தப் பையன் பொத்தானை அழுத்தி ரயில் நகர்ந்த மத்தியானங்கள் ஏலப்பட்டியலில் இருந்திருக்க முடியாது.

மார்க்சியத் தத்துவவாதியான ஜி. ஏ. கோஹன், பிற்காலத்தில் எதைப் பாதுகாக்க வேண்டும் என்பது பற்றி யோசித்தபோது ஓர் உதாரணம் சொன்னார். பல பத்தாண்டுகளாகத் தான் வைத்திருந்த அழிரப்பர். அதேபோல இன்னொன்று தருகிறேன் என்றால் வேண்டாம் என்பார். அது சிறந்த ரப்பர் என்பதால் அல்ல, அவருடையது என்பதால். இதை அவர் சொந்த மதிப்பு என்றார். கூடவே வேறொரு மதிப்பையும் பிரித்துக் காட்டினார்: யாருடையதாக இருந்தாலும், ‘இந்தப் பொருள்’ என்பதற்காகவே ஒன்றை மதிப்பது. லேஅவுட்டின் சிக்கல், அது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான்.

2019 மே மாதம் இங்கிலாந்தில் ஸ்டாம்ஃபர்ட் ஊரில், மார்க்கெட் டீப்பிங் மாதிரி ரயில் மன்றத்தின் கண்காட்சிக்காக ஒரு பள்ளிக்கூட அரங்கில் லேஅவுட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். முதல் நாள் இரவு சில பதின்வயதுப் பையன்கள் புகுந்து மிதித்து நொறுக்கினார்கள். பல வருஷ வேலை தரையில் கிடந்தது. மன்றத்துக்காக 500 பவுண்டு திரட்டலாம் என்று இணையத்தில் நிதி கேட்டார்கள். ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. பாடகர் ராட் ஸ்டூவர்ட் மட்டும் 10,000 பவுண்டு கொடுத்தார். இருபது வருஷத்துக்கும் மேலாகத் தன் வீட்டில் ஒரு பெரிய அமெரிக்க நகரத்தை இதே ஹெச்ஓ அளவில் கட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

அந்த ஒரு லட்சம், உடைந்தவற்றின் விலையா? கொடுத்தவர்களில் ஒருவர்கூட அப்படி நினைத்திருக்க மாட்டார். நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: மொய். மொய் எதையும் வாங்குவதில்லை. ‘உன் வீட்டில் நடந்தது எனக்கும் தெரியும், நானும் வந்தேன்’ என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. அந்தப் பையன்கள் செய்ததும், அப்பா இறந்த பிறகு ரம்பத்தோடு நிலவறைக்குள் இறங்கும் மகள் செய்வதும், விளைவில் ஒன்றுதானே? இரண்டிலும் மிஞ்சுவது பிளாஸ்டர் தூள். ஆனால் முன்னதைக் கொடுமை என்கிறோம், பின்னதை அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. லேஅவுட் முடிந்துபோன பொருள் அல்ல, நடந்துகொண்டிருக்கும் வேலை என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. இதைக் கட்டுபவர்கள் ‘முடிச்சிட்டேன்’ என்று சொல்வது அபூர்வம். பையன்கள் உடைத்தது நடுவில் இருந்த வேலையை. மகள் பிரிப்பது, செய்த கை ஏற்கெனவே நின்றுபோன ஒன்றை.

இந்தப் பதிலிலும் ஓட்டை இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் என்பவர் கட்டிய ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ இத்துறையின் மிகப் புகழ்பெற்ற லேஅவுட்டுகளில் ஒன்று. ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னால் ‘ரத்தக்களரியாகித் தோற்றது’ என்று கேட்கும் கேலிப்பெயர். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். பத்து நாளில் தீ விபத்து, பெரும்பகுதி போய்விட்டது. மதிப்பு கட்டியவரோடு முடிகிறது என்றால் அன்று எரிந்தது வெறும் விறகு. அப்படி யாரும் நினைக்கவில்லை. நேரில் ஒருமுறையும் பார்க்காமல், பத்திரிகையில் அவர் எடுத்த படங்களை மட்டுமே பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றி வருத்தத்தோடு எழுதுகிறார்கள். உயிரோடு இருந்தபோது அவர் நண்பர்கள் கூட்டமாக அவர் வீட்டுக்கு வந்து, கால அட்டவணை போட்டு, நிஜ ரயில்வே போலவே அதை ஓட்டினார்கள். அவருடையது மெல்ல மெல்ல அவர்களுடையதும் ஆயிற்று.

ஆக, சொந்த மதிப்பும் கைமாறும். ஆனால் உயில் எழுதி மாற்ற முடியாது, கூட உட்கார்ந்து ஓட்டினால்தான் மாறும்.

இதிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் கடமை வருகிறது. அப்பாவின் மலையை அறுக்கும் பிள்ளைக்குக் குற்ற உணர்வு தேவையில்லை. அறுப்பதற்கு முன் ஒரு தடவை விளக்கைப் போட்டு, ரயிலை ஓடவிட்டுப் பார்க்கலாம். எஞ்சின்களை ஓட்டக்கூடிய ஒருவரிடம் கொடுக்கலாம். கட்டுபவரின் கடமை அதைவிடப் பெரியது. எது விலை போகும், எது போகாது என்று ஒரு பட்டியல் எழுதி வைப்பது சின்ன வேலை. கஷ்டமானது, எட்டு வயசுக் குழந்தை கன்ட்ரோலரை நோக்கிக் கை நீட்டும்போது வாயில் வருகிற “தொடாதே, உடைஞ்சிடும்” என்பதை விழுங்கிக்கொள்வது. அதை வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் தன் லேஅவுட்டைப் பத்திரமாகக் காப்பாற்றியிருப்பார். அந்தக் குழந்தைக்கு மிஞ்சப்போவது குப்பை வண்டி வாடகை.