வடக்கன்குளத்தின் இரு கூடங்கள்

கடவுளுக்கு முன் அனைவரும் சமம் என்று போதிக்கும் ஒரு சமயம், தன் வழிபாட்டு மண்டபத்திலேயே சாதியைச் சுவராக எழுப்பலாமா என்னும் கேள்வி தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபைக்குப் பழையது. காரைக்காலிலிருந்து வந்த குருவின் கண்டனத்தையடுத்து, புதுச்சேரி சம்பா கோவிலில் தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து நின்ற சுவர் 1745இல் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்துள்ளது. அதே ஆண்டில்தான், பின்னாளில் 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார்.

ஆயினும் அவ்வூரில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் பிரிவினையைக் கட்டட வடிவமாகவே ஆக்கிக்கொண்டது. மக்கள் அமரும் நீண்ட மண்டபமாகிய நடுக்கூடம் பொதுவாக ஒன்றாக இருக்க, இங்கோ காற்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு கூடங்கள் விரிந்து, ஒன்றில் வெள்ளாளரும் மற்றொன்றில் நாடாரும் இருந்து, ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தை, அதாவது திருப்பலி நிறைவேற்றப்படும் மேடையை, நோக்கி வழிபட்டனர். பலி ஒன்று, அப்பம் ஒன்று. அவற்றில் பங்குகொள்வோர் மட்டும் இரண்டு என்பது இறையியலால் எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாத முரண்.

கவுசானல் அடிகளார் காலத்தில், 1910இல், இடைச்சுவர் அகற்றப்பட்டது. அதை எதிர்த்து வெள்ளாளர் தரப்பு தொடுத்த வழக்கில், சாதியின் பெயரால் ஆலயத்தில் தனியிடம் கோரும் உரிமை அவர்களுக்கு இல்லை எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.