எதிர்க்கேள்வி இல்லாத வாதம்

2004ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மெரிடியன் டவுன்ஷிப் போலீஸார் ஒரு டாக்டரை விசாரித்தார்கள். முதுகுத்தண்டு வளைவுக்காக அவரிடம் போன பதினேழு வயதுப் பெண், அவர் தன்னைத் தொட்ட விதம் வைத்தியமே அல்ல என்று புகார் கொடுத்திருந்தாள். டாக்டர் தன் தரப்புக்கு ஒரு பவர்பாயிண்ட் கொடுத்தார். இடுப்பெலும்பை ஒட்டிய ஒரு தசைநார், அதை ஏன் அழுத்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று மருத்துவச் சொற்களால் நிறைந்த விளக்கம் அது. போலீஸார் அதை இன்னொரு டாக்டரிடம் காட்டி, ‘இது சரிதானா?’ என்று கேட்கவில்லை. அரசு வழக்கறிஞரின் மேஜைக்குப் போகாமலேயே புகார் மூடப்பட்டது. அந்த டாக்டரின் பெயர் லாரி நாசர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டாக்டர். அமெரிக்கப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கும் அவர்தான் டாக்டர்.

பத்து வருடம் கழித்து, 2014இல், அதே பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த ஒரு பெண் அவர்மீது புகார் கொடுத்தாள். இந்த முறை பல்கலைக்கழகம் நிபுணர்களைக் கேட்டது. நான்கு பேர். நான்கு பேருமே அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ளவர்கள், நாசரை அறிந்தவர்கள். செய்தது சிகிச்சைதான், அதில் பாலியல் நோக்கம் இல்லை என்றார்கள். விசாரணை அறிக்கையின் முடிவுரை இரண்டு விதமாக எழுதப்பட்டது. புகார் கொடுத்தவளுக்குப் போன பிரதி டாக்டரிடம் தவறில்லை என்றது. நிர்வாகத்துக்குப் போன பிரதியிலோ, இந்தச் சிகிச்சை முறை நோயாளிகளைப் பாதிக்கக்கூடும், பல்கலைக்கழகத்துக்கும் சட்டச் சிக்கலைக் கொண்டுவரும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. அதே புகார்மீது நடந்த போலீஸ் விசாரணை முடிவதற்கு முன்பே நாசர் நோயாளிகளைப் பார்க்கத் திரும்பினார். சிகிச்சையின்போது அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும், தோலில் கைபடுவதைக் குறைக்க வேண்டும் என்று டீன் நிபந்தனை போட்டார். அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. அந்த டீன் 2019இல் கடமை தவறியதற்காகவும் வேறு குற்றங்களுக்காகவும் சிறைக்குப் போனார்.

பாலியல் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் ஆஜராகலாமா என்று நம் ஊரில் வாதம் எழும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு ஆண்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன. 2018இல் சென்னை அயனாவரம் சிறுமி பாலியல் வன்கொடுமை வழக்கில் கைதான லிஃப்ட் ஆபரேட்டர், காவலாளி உள்ளிட்ட பதினேழு பேருக்காக யாரும் ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கம் அறிவித்தது. நீதிமன்ற வளாகத்திலேயே அவர்களுக்கு அடியும் விழுந்தது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான் சொல்லியிருந்தது. கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் கோபம் லிஃப்ட் ஆபரேட்டர்மீதும் காவலாளிமீதும் பாய்கிற வேகத்தில் வெள்ளைக் கோட்டின்மீது பாய்வதில்லை. நாசர் நீதிமன்றப் படி ஏறுவதற்கு முன்பே இரண்டு முறை அவருக்காக வாதம் நடந்து முடிந்திருந்தது. சக டாக்டர்கள் வாதாடினார்கள். அவருடைய பட்டமும் உரிமமும் வாதாடின. எதிரே நின்று ஒரு கேள்வி கேட்க அந்த அறைகளில் யாரும் இல்லை.

நீதிமன்றத்தில் நடக்கும் வாதம் வேறு. அது வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். இடுப்புத்தள தசைகளுக்கு உள்பரிசோதனை செய்து தரும் சிகிச்சை மருத்துவத்தில் உண்மையாகவே இருக்கிறது. அதை முறையாகச் செய்யும் பிசியோதெரபிஸ்ட் மீதும், மகப்பேறு டாக்டர் மீதும் தவறான புகார் வரலாம். அப்படி வந்தால் தீர்ப்புக்குக் காத்திராமல் வாழ்க்கை நின்றுபோகும். ஒரு பக்கம் குற்ற வழக்கு. இன்னொரு பக்கம் உரிமம் கொடுத்த கவுன்சிலின் விசாரணை. கவுன்சிலுக்குப் பதில் எழுதினால் அந்தப் பதிலே நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான ஆவணமாகலாம். வாய் திறக்காவிட்டால் உரிமம் போகலாம். இந்த இடுக்கில் மாட்டியவருக்கு விவரம் தெரிந்த வக்கீல் அவசியம். நோயாளிக் குறிப்புகள் எங்கே, சம்மதக் கடிதம் வாங்கப்பட்டதா, நர்ஸ் அறையில் இருந்தாரா, இதே சிகிச்சையை மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகத் தேடுவார். நிரபராதியைக் காப்பாற்றுவது அந்தத் தேடல்தான். குற்றவாளியின் வாதம் உடைவதும் அதே கேள்விகளில்தான்.

நாசர் விஷயத்தில் அந்தத் தேடலைப் பாதிக்கப்பட்டவரே செய்ய வேண்டியிருந்தது. 2016இல் பல்கலைக்கழகப் போலீஸிடம் போன ரேச்சல் டென்ஹாலண்டர் சட்டம் படித்தவர். சிறுமியாக இருந்தபோது அந்த டாக்டரிடம் போனவர். வெறும் கையோடு போனால் நம்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முறையான சிகிச்சை எப்படி இருக்கும் என்பதைக் காட்டும் மருத்துவ இதழ்க் கட்டுரைகள், 2004இல் தான் ஒரு செவிலியரிடம் நடந்ததைச் சொன்னதற்கான பதிவு, தன் நாட்குறிப்புகள், தன் நடத்தைக்குச் சாட்சி சொல்லும் ஓர் அரசு வழக்கறிஞரின் கடிதம் ஆகியவற்றை எடுத்துப் போனார். புகார் கொடுக்க வருகிறவர் தனக்கே நற்சான்றிதழ் வாங்கி வர வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அந்தப் புகாரை விசாரித்த பெண் அதிகாரி நாசரிடம் நேரடியாகக் கேள்விகள் கேட்டார். அத்தனை ஆண்டுகள் சரளமாக விளக்கம் சொன்னவர் தடுமாறினார். 2017 ஜனவரியில் உரிமம் நிறுத்தப்பட்டது, ஏப்ரலில் ரத்தானது. நவம்பரில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். செய்ததற்கு மருத்துவக் காரணம் இல்லை என்பதும் அந்த ஒப்புதலில் அடக்கம்.

ஆனாலும் அவர் அந்த வாதத்தை விடவில்லை. தண்டனை விசாரணையில் 156 பேரின் வாக்குமூலம் கேட்ட பிறகு, 2018 ஜனவரி 24 அன்று, நாசர் தனக்கு எழுதிய கடிதத்தை நீதிபதி ரோஸ்மேரி அக்விலினா சபையில் படித்தார். தான் நல்ல டாக்டர், செய்தது சிகிச்சை, அது பலன் தந்தது என்று அதில் எழுதியிருந்தார். படித்துவிட்டு நீதிபதி அதைத் தூக்கிப் போட்டார். குற்ற ஒப்புதலை வாபஸ் வாங்க விருப்பமா என்று கேட்டார். இல்லை என்றார் நாசர். தண்டனை 40 முதல் 175 ஆண்டுகள்.

அந்தத் தண்டனை விசாரணையில் நீதிபதி சொன்ன சில வார்த்தைகளை உலகமே கைதட்டி வரவேற்றது. அவருடைய மரண ஆணையில் கையெழுத்திட்டுவிட்டேன் என்றார். அரசியல் சட்டம் அனுமதித்தால் மற்றவர்களுக்கு அவர் செய்ததை அவருக்கும் நடக்க விட்டிருப்பேன் என்ற பொருளிலும் பேசினார். நாசரின் வக்கீல்கள் இதைக் காட்டி மேல்முறையீடு செய்தார்கள். 2022இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. நீதிபதியின் நடத்தை பற்றிய கவலையைப் பதிவு செய்யவும் தவறவில்லை. அந்த வக்கீல்களை நான் குறை சொல்ல மாட்டேன். இத்தனை ஆதாரம் இருந்த வழக்கில் தீர்ப்பைச் சந்தேகத்துக்கு உள்ளாக்க ஒரு நீதிபதியின் வார்த்தைகள் காரணமாகக் கூடாது.

நம் போக்சோ சட்டம் மருத்துவமனை ஊழியர் செய்யும் குற்றத்தைக் கடுமையான வகையில் வைக்கிறது. மாறாக நிரூபிக்கப்படும்வரை குற்றத்தை அனுமானிக்க வேண்டும் என்கிறது 29ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதத்தோடு செய்யும் மருத்துவப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் விலக்கு தருகிறது. இந்த விலக்கு இல்லாமல் எந்தக் குழந்தைகள் டாக்டரும் வேலை பார்க்க முடியாது. ஆனால் நாசரிடம் போன பல சிறுமிகளின் தாய்மார்கள் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணை மறைக்கும்படி அவர் நின்றுகொண்டார். அங்கே சம்மதமும் இருந்தது, தாயும் இருந்தாள், குற்றமும் நடந்தது. ஆகவே ‘சிகிச்சை’ என்ற சொல்லை யார் சோதிப்பது என்பதுதான் கேள்வி.

அலட்சியச் சிகிச்சை வழக்குகளில் இதற்கு உச்ச நீதிமன்றம் 2005இல், ஜேக்கப் மேத்யூ வழக்கில், ஒரு வழி காட்டியது. டாக்டர்மீது நடவடிக்கை எடுக்கும் முன் விசாரணை அதிகாரி அதே துறையைச் சேர்ந்த, சார்பில்லாத, முடிந்தால் அரசுப் பணியில் உள்ள டாக்டரின் கருத்தைப் பெற வேண்டும் என்றது. டாக்டர்களைக் காக்க வந்த விதி அது. சிகிச்சை என்று வாதிடப்படும் பாலியல் புகார்களிலும், வழக்குப் பதிவு செய்யத் தயங்காமல், விசாரணையின் ஒரு பகுதியாக அதே அளவுகோலை வைக்கலாம். கருத்துச் சொல்பவர் அதே மருத்துவமனையில் சம்பளம் வாங்குபவராகவோ, குற்றம் சாட்டப்பட்டவரின் மாணவராகவோ நண்பராகவோ இருக்கக் கூடாது. கருத்து எழுத்தில் இருக்க வேண்டும். இரு தரப்பு வக்கீல்களும் அவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கும் நிர்வாகத்துக்கும் போவது ஒரே பிரதியாக இருக்க வேண்டும்.