நத்தாரும் நீதியும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் நிற்கிறது புனித மரியாள் பேராலயம். 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், நற்கருணை பெற்றுத் திரும்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு நத்தாரின் மறுநாள் எழுந்த ஆழிப்பேரலை, நாவலடியையும் கல்லடியையும் சூறையாடியிருந்தது.

இத்தகைய மண்ணில் விழா எடுத்தல் தகுமா? இழவு வீட்டில் மேளமா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் நத்தார் இரவும், பங்கின் பாதுகாவலர் திருநாளில் நடக்கும் நவநாளும் பவனியுமே சிதறிய மக்களை ஒன்றுகூட்டுகின்றன. கூடி வாழும் மக்களிடமே மாண்டவர் நினைவும் நிலைக்கும்.

திருச்சபையின் நாட்காட்டியைப் பாருங்கள். கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள் கழித்து, டிசம்பர் 28இல், ஏரோது கொல்வித்த குழந்தைகளை அது நினைவுகூர்கிறது. பிறப்பின் மகிழ்ச்சி அப்படுகொலையை மறைக்கவில்லை. கொல்வித்தவன் பெயரையும் மறைக்கவில்லை.

மட்டக்களப்பில் நடந்ததென்ன? சட்டமா அதிபர் வழக்கைத் தொடராது விட்டதால், குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரும் 2021 ஜனவரியில் விடுதலையாயினர். கொன்றவர் யாரென்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் விடை கிடைக்கவில்லை.

மன்னிப்பு உயர்ந்த அறம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், உண்மை வெளிவராத இடத்தில் யாரை மன்னிப்பது? எதற்காக மன்னிப்பது? ஆகவே, விழா நடக்கட்டும், மணி ஒலிக்கட்டும். சமாதானத்துக்காக மெழுகுதிரி ஏற்றும் கைகள், நீதிக்காகவும் உயரட்டும்.