நீந்த அறியாதார்க்கு ஓடம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம்மாழ்வாருடைய திருத்தாயார் உடையநங்கை பிறந்த ஊராகிய திருவண்பரிசாரத்தில் திருவாழ்மார்பனை ஸேவித்து, அடியேன் சிலரோடு கன்யாகுமரி சென்றிருந்தேன். அங்கிருந்து விவேகானந்தர் பாறைக்குப் படகில் செல்ல வேண்டும். சில நிமிஷப் பயணமே. ஆயினும் அடியேனுக்கு நீந்தத் தெரியாது. மிதவை அங்கியை அணிந்த பின்னும் முழங்கால் நடுங்கிற்று. ஆசார்யன் திருவடியில் சரணாகதி பண்ணி இத்தனை வருஷமாகியும் இந்த நடுக்கமா என்று வெட்கமும் உண்டாயிற்று.

1892ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்வாமி விவேகானந்தர் இக்கடலை நீந்தியே பாறையை அடைந்தார் என்பர். அத்தகைய ஆற்றலுடையார் சிலரே. மற்றையோர் படகிலேறியே செல்கிறோம். நீந்த வல்லார் யார், மாட்டாதார் யார் என்று படகு கேட்பதில்லை. பக்தியோகத்தில் இழியச் சக்தியற்றவர்களுக்கு ஆசார்யர்கள் ப்ரபத்தியைக் காட்டியருளியதும் இவ்வாறே. கைம்முதல் இல்லாமையே இதற்கு அதிகாரம்.

அங்கு ஓடும் படகுகளுள் ஒன்றுக்குக் குகன் என்று பெயர். அப்பெயரைக் கண்டவுடன் நெஞ்சு நெகிழ்ந்தது. ஸம்ஸார ஸாகரத்தைக் கடத்துவிக்கும் சக்ரவர்த்தித் திருமகன், கங்கையைக் கடக்க வேடர் தலைவன் கொணர்வித்த ஓடத்திலே ஏறினான். கடக்க மாட்டாமையாலோ? அன்று, ஸௌலப்யத்தாலே. திருமங்கையாழ்வாரும் திருவரங்கத்தெம்பெருமானைச் சரணம் புகும்போது, குகனுக்குச் செய்த அருளையே முதற்பாசுரத்தில் பற்றாசாகக் கொண்டார்.

குலசேகரப் பெருமாளோ, நடுக்கடலில் எத்திசை பறந்தும் கரை காணாது மரக்கலத்தின் பாய்மரத்துக்கே மீளும் பறவையைத் தமக்கு உவமையாக்கினார். அப்பறவை அஞ்சவில்லை என்று அவர் அருளவில்லை. அதற்கு வேறு புகலில்லை என்பதே அவர் திருவுள்ளம்.

அலையில் படகு சாய்ந்தபோது அடியேன் பக்கத்துக் கம்பியை இறுகப் பற்றினேன். சற்றுப் பொறுத்தே தெளிந்தது: பற்றிய கம்பியும் படகினுடையதே. அடியேனைச் சுமந்தது அடியேனுடைய பிடியன்று, படகு. நடுக்கம் உடலின் இயல்பு. அது சரணாகதிக்குக் குறையன்று. படகை விட்டுக் குதித்துத் தானே நீந்த முயல்வதே குறை. அதன்பின் கை தளர்ந்தது, கண் திறந்தது. திருக்குறளின் 133 அதிகாரங்களுக்கேற்ப 133 அடி உயர்ந்து நிற்கும் வள்ளுவர் சிலையும், கடலும், காற்றும் அவனுடைய விபூதியாகவே தோன்றின.

கரை சேர்க்கும் பொறுப்பு அவனதான பின்பு, இடைப்பட்ட காலம் அநுபவத்துக்கும் கைங்கர்யத்துக்குமே உரியது. அச்சம் வந்தாலும், படகிலிருந்தபடியே அஞ்சுவோம்.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.